கட்டிலுக்கு அடியில் பங்கரண்ணன்

ஆனைமலைப் பக்கம் யானைக்குப் பயப்படாதவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் மாமியாருக்குப் பயப்படாதவர்கள்கூட இரண்டொருவர் இருப்பதாகக் கேள்வி. ஆனால் மெத்தைக்குப் பயந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பங்கரண்ணன்.

ஆதார் அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சரவணம்பட்டியில் ஐடி பார்க்குக்குப் பின்னால் இருந்த ஓர் ஆண்கள் விடுதியில் அவர் வார்டன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே எல்லையில், பனிமலை உச்சியில் சண்டை நடந்தபோது மாதக்கணக்கில் பங்கர் என்கிற பதுங்குகுழியில் கிடந்தவர். சண்டை முடிந்து மற்றவர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். இவர் மட்டும் பங்கரையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த விடுதியில் நான் ஏழு வருடம் குப்பை கொட்டினேன் என்பதால் இதை அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அண்ணனின் உயரம் ஐந்தேகால் அடி. விடுதிக் கதவுகளின் உயரம் ஏழடி. ஆனாலும் எந்த வாசலைக் கடந்தாலும் தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்துத்தான் நுழைவார். அவர் முதுகுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு ஆறு வயதுப் பிள்ளையை உட்கார வைக்கலாம், அவ்வளவு இடம் மிச்சமிருக்கும்.

“ஏனுங்ணா, இப்படிக் குனியறீங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பங்கர்ல நிமுந்து நின்னவன் ஒரே ஒருக்காத்தானுங் தம்பி நிப்பான்” என்றார் சாவகாசமாக.

நான் விடுதியில் சேர்ந்த முதல் வாரமே ஒரு புகாரோடு அவரிடம் போனேன். அவர் மேசை மேல் புகார்ப் புத்தகம் என்று ஒரு நோட்டு இருந்தது. புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெள்ளை வெளேர் என்று இருந்தது. அறுபது ஆண்கள் தங்கியிருக்கும் இடத்தில் ஒரு புகார்கூட இல்லையா என்று அசந்துபோனேன். காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது.

“அண்ணா, மெத்தை அப்பளமாட்ட இருக்குதுங்க.”

அவர் முகம் மலர்ந்தது. பேனாவை எடுக்கவில்லை.

“மெத்தை இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க, ஆனா…”

“ஈரமா இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“கூரையில இருந்து மூஞ்சியில தண்ணி சொட்டுதுங்களா?”

“இல்லீங்க.”

“எதுத்தாப்புல இருந்து ஆராச்சும் குண்டு போடறாங்களா?”

“இல்லீங்ணா.”

“அப்பறம் என்னுங் தம்பி? பைவ் ஸ்டார் ஓட்டலுக்கு வந்துபோட்டுக் கொறை சொல்றீங்களே!”

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் நகர முடியவில்லை. கல்லைக் கல் மேல் அடுக்கி, மேலே தகரம் போட்டு, தகரத்தின் மேல் மண் மூட்டை அடுக்கிய பங்கர் ஒன்றை அங்கேயே என் கண் முன்னால் கட்டிக் காட்டினார். அகலம், நம் விடுதியின் குளியலறை. உள்ளே மூன்று பேர். பகலில் வெயில் பட்டுப் பனி உருகினால் தகரத்து இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டும். வெயில் போனதும் சொட்டிய தண்ணீர் படுக்கையிலேயே உறைந்து, புரண்டால் மொறுமொறுக்கும். பூட்ஸைக் கழற்றினால் காலையில் அது கல்லாகிவிடும், கால் நுழையாது. அதனால் பூட்ஸோடு தூக்கம். பற்பசையை அடுப்பில் சூடு காட்டினால்தான் பல் துலக்கலாம். அடுப்பு என்றால் ‘புகாரி’ என்று ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. குளிருக்கு அதுதான் தாய், தகப்பன் எல்லாம். ஆனால் அது கக்கும் கரியில், துப்பினால் எச்சில் கறுப்பாக வருமாம்.

“எலி இருக்குமுங்களா?” என்றேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“இருக்குமுங். அதுக்கும் குளுருமில்லீங்களா? பிஸ்கோத்துல ஒரு ஓரத்த ஒடச்சுப் போட்டுட்டாக் காலக் கடிக்காது. நல்ல பசங்க.”

நான் என் அப்பள மெத்தைக்குத் திரும்பிப் படுத்தேன். ராஜபோகமாக இருந்தது. விடுதி முதலாளியம்மா பங்கரண்ணனைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்ததன் ரகசியமும் அன்றைக்குப் புரிந்தது. அந்தம்மா திட்டுவது தமிழில், சாமி கும்பிடுவது தெலுங்கில். பங்கரண்ணனிடம் பேசும்போது மட்டும் தமிழும் தெலுங்கும் கலந்துவரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதப் பரிசோதனை நடக்கும். ஆமாம், பாதம்தான். எல்லோரும் ஹாலில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். பங்கரண்ணன் கையில் டார்ச் லைட்டோடு ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்த்துக்கொண்டு வருவார். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருபது பேரை மேய்க்கும் மேனேஜர்கள் எல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகள்போல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

“இதென்னுங் தம்பி, விரலிடுக்கு வெள்ள பூத்துக் கெடக்குது? ஈர சாக்ஸப் போட்டீங்களா?”

“ஒரு நாள்தானுங்ணா…”

“ஒரு நாளுன்னுதானுங் ஆரம்பிக்கும். எங்க செட்டுல ஒருத்தனுக்கு மூணு நாள் ஈர சாக்ஸு. ரெண்டு வெரல எடுத்துப்போட்டாங்க. துப்பாக்கிய எல்லாரும் தொடைப்பாங்க தம்பி. காலத் தொடைக்கறவன்தான் திரும்பி ஊட்டுக்கு வாரவன்.”

என் அறையில் கூட இருந்தவன் செல்வா. ஈரோட்டுக்காரன், சோம்பேறித்தனத்தில் தங்க மெடல். ஒரு ஐப்பசி மாதம், வாரக்கணக்கில் மழை. அன்று மதியம் அவனுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்னால் பேச வேண்டியிருந்தது. இருந்த ஒரு ஜோடி கறுப்பு சாக்ஸும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்தான், கரண்ட் போய்விட்டது. அழுகிற நிலைமை.

“இங்க குடுங்” என்றார் பங்கரண்ணன். சாக்ஸை முறுக்கிப் பிழிந்தார். சட்டைப் பட்டனைக் கழற்றி, இரண்டையும் வெறும் வயிற்றின் மேல் ஒட்டிப் பரப்பி, சட்டையை மேலே போட்டு இறுக்கிக்கொண்டார். “ரெண்டு மணி நேரமுங். வயித்துச் சூட்டுக்கு மிஞ்சுன அடுப்பே கெடையாது. அங்க அப்படித்தான் காயவெப்போம்.”

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், முதலாளியம்மா வந்துவிட்டார். பங்கரண்ணன் எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். சட்டை இடுக்கு வழியாக ஒரு சாக்ஸின் குதிகால் மெல்ல எட்டிப் பார்த்தது.

“என்ன ஹவில்தார், வயித்துல என்ன?” என்றார் அம்மா.

“சாக்ஸுங்க மேடம்.”

“யாருது?”

“மூணாவது மாடித் தம்பியோடதுங்க. இன்னும் அரை மணி நேரத்துல வெந்துரும்.”

அம்மா சற்று நேரம் அவரையே பார்த்தார். “தேவுடா” என்றார். பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். செல்வா உலர்ந்த, வெதுவெதுப்பான சாக்ஸோடு போய் நன்றாகவே பேசிவிட்டு வந்தான். அன்றிலிருந்து அந்த சாக்ஸைத் துவைக்கவே மனசு வரவில்லை என்று சொல்லித் திரிந்தான். அதற்கு முன்பும் அவன் துவைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர் எங்கே, எப்படித் தூங்குவார்? மாடிப்படி தொடங்குமிடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, பூட்ஸைக் கழற்றாமல். காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம் என்று சில்லறை சில்லறையாக. பக்கத்தில் அறுபது பேர் ஏறி இறங்குவார்கள். செருப்புச் சத்தம், போன் பேச்சு, வாளி உருட்டல் எதுவும் அவரை அசைக்காது. அமெரிக்காவுக்கு, ஐரோப்பாவுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு என்று ஆளுக்கொரு நேரத்தில் வேலை பார்க்கிற விடுதி அது. இருபத்து நாலு மணி நேரமும் யாராவது ஒருவன் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருப்பான்.

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. ஓர் ஆயுத பூஜைக்கு எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கட்டிலும், ஒரு சாண் உயர மெத்தையும் வாங்கிப் போட்டோம். மெத்தையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அவர் முகத்தில் வேர்த்துவிட்டது.

“ரொம்பச் சந்தோசமுங்” என்றார். பயந்த குரல்.

மறுநாள் காலை அறையை எட்டிப் பார்த்தால் கட்டில் மேல் ஆளில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தார். இரண்டு பக்கமும் எங்கள் பழைய சூட்கேஸ்களை மண் மூட்டைபோல் அடுக்கி, கதவுப் பக்கம் மட்டும் ஒரு சந்து விட்டு, அந்தச் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தார். மெத்தைமேல், எங்கள் மனம் நோகக் கூடாதென்று, தன் தொப்பியைப் படுக்க வைத்திருந்தார்.

“எப்படிங்ணா இருக்குது கட்டில்?”

“அருமையான கூரைங் தம்பி” என்றது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

ஒரே ஒரு விஷயம்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. அவருக்கு ஆனைமலையில் சொந்த வீடு இருந்தது. சரசக்கா என்று அருமையான மனைவி. ஆனால் இரண்டு நாள் லீவில் போனால் இரண்டாம் நாளே ஓடிவந்துவிடுவார். வரும்போது கண் இரண்டும், மாசாணியம்மன் கோயிலில் நீதி கேட்டு அரைக்கிற மிளகாய்போல் சிவந்திருக்கும். வந்ததும் மாடிப்படியடியில் உட்கார்ந்து ஏழு மணி நேரம் தூங்குவார். “ஊட்டுல சண்டை போல” என்று செல்வா தீர்ப்புச் சொன்னான். நாங்களும் நம்பினோம்.

பிறகு ஊரடங்கு வந்தது. ஒரே வாரத்தில் விடுதி காலி. எல்லோரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்விட்டார்கள். நான் போகவில்லை. தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நெட் வேண்டுமென்றால் தென்னை மரம் ஏற வேண்டும். பங்கரண்ணன் போகவில்லை, பஸ் இல்லை, கட்டடத்தையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அறுபது பேர் இருந்த இடத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் மூன்றாவது மாடி, அவர் தரைத்தளம். சமையல் அவருடையது, பாத்திரம் என்னுடையது.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் டீயில் உப்பு இருந்தது. மறுநாள் பாதப் பரிசோதனை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் புதன்கிழமை நடந்தது. அதே புதன்கிழமை மதியம் இன்னொரு தடவை நடந்தது. இன்னொரு நாள் படியிறங்கி வந்தபோது அவர் தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரத்துக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். பதிலுக்கு அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அண்ணா, தூங்குனீங்களா?”

“அதெல்லாம் தூங்குனனுங்” என்றார். கண் சிவப்பு வேறு கதை சொன்னது.

அடுத்த நாள் காலை, மொட்டை மாடியில் காயவைத்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கியவர் கடைசி ஐந்து படியை ஒரே உருளலில் கடந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடினேன். நெற்றியில் ரத்தம். தோளைப் பிடித்துத் தூக்கினால், என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேல் எங்கோ பார்த்து, இந்தியில் “ஜாக் ரஹா ஹூம், சாப்… ஜாக் ரஹா ஹூம்” என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கே அது புரிந்தது. முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா, முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, நெற்றியில் மருந்து வைத்துக் கட்டினேன். காயம் பெரிதில்லை. மாடிக்கு வந்து சரசக்காவுக்கு போன் போட்டேன். விழுந்ததைச் சொன்னேன்.

“எத்தன நாளாச்சுங் தம்பி தூங்கி?” என்று அவராகவே கேட்டார்.

“சரியாத் தெரியலீங்க்கா. ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்.”

“அங்க இப்ப ஆருமே இல்லீங்களா?”

“நான் ஒருத்தன்தானுங்க. நானும் மேல இருக்கறேன்.”

“அப்பறம் எப்படிங் தூங்குவாரு?” என்றார். “பக்கத்துல ஒருத்தரு முழிச்சுட்டு உக்காந்திருக்கோணுங். அவிய முழிச்சிருக்கற சத்தம் காதுல உழுகோணும். அப்பத்தான் கண்ண மூடுவாரு. பட்டாளத்துல இருந்து வந்ததுக்கு அப்பறம் நாலு வருசம் நான் உக்காந்திருந்தனுங். மடியில நெலக்கடலையப் போட்டுத் தொலிச்சுட்டே இருப்பேன். அந்தச் சத்தத்துல தூங்குவாரு. எனக்கு ஒடம்பு ஒத்துக்கல. ஒரு நாள் தோட்டத்துல தலை சுத்தி உழுந்துபோட்டேன். அன்னைக்குத்தானுங், ‘சரசு, இனி நீ தூங்கு. எந்நேரமும் ஆளு முழிச்சிருக்கற எடமாப் பாத்து நான் போயிக்கறேன்’னு கெளம்புனாரு. தேடித் தேடி உங்க ஆஸ்டலக் கண்டுபுடிச்சாரு.”

போனை வைத்தேன். இத்தனை வருடமாக அவர் எங்களுக்குக் காவல் இருக்கிறார் என்று நினைத்திருந்தோம். அறுபது பேரும் எங்களுக்கே தெரியாமல் அவருக்குக் காவல் இருந்திருக்கிறோம்.

கொஞ்ச நேரத்தில் என் மேசை, நாற்காலி, மடிக்கணினி எல்லாவற்றையும் தரைத்தளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். மாடிப்படிக்கு எதிரில் போட்டேன்.

“என்னுங் தம்பி இது?”

“மேல சிக்னல் இல்லீங்ணா. இனி இங்க உக்காந்துதான் வேலை.”

அவர் என்னைப் பார்த்தார். “சரசு சொல்லிப்போட்டாளா?” என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. தலையாட்டினேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “பங்கர்ல மூணு பேருன்னு சொல்லியிருக்கறனுங்களா, படுக்க எடம் ரெண்டு பேருக்குத்தான். ஒருத்தன் உக்காந்திருக்கோணும். உக்காந்திருக்கறவன் சாப்பாட்டுத் தட்டுல வெரலால லேசாத் தட்டிட்டே இருப்பான். அந்தச் சத்தம் கேட்டா, சரி, நமக்கு ஒருத்தன் முழிச்சிருக்கறான்னு மத்த ரெண்டு பேரும் தூங்குவோம். ஒருக்கா மூணு நாளா விடாத பனி. புகாரிக் கொழாய் மேல பனி மூடிப்போச்சு. பொகை உள்ளயே சுத்திருச்சு. எங்க கூட்டாளி பாதன் சிங், கர்வால்காரன், அவன்தான் உக்காந்திருந்தான். பாவம், அசந்துபோட்டான். நாங்க ரெண்டு பேரும் தரையில, வாசல் சந்துல மூக்க வெச்சுப் படுத்திருந்ததால பொழச்சோம். அவன் எந்திரிக்கல.”

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அவனக் கொறை சொல்லப்படாதுங் தம்பி. மூணு நாள் கண்ண மூடாத மனுசன். தட்டுச் சத்தம் நின்னப்பவே நான் எந்திரிச்சிருக்கோணும்.” நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார். “நல்லாப் பாடுவானுங். ஒரு வார்த்த புரியாது.”

“அண்ணா, நீங்க படுங்க. நான் தட்டறேன்” என்றேன்.

மடிக்கணினியைத் திறந்து தட்ட ஆரம்பித்தேன். இரண்டே நிமிடம். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் பிறகு வந்தது பாருங்கள் ஒரு குறட்டை! பத்து நாள் பாக்கி மொத்தமாக வந்தது.

அன்றிலிருந்து பகல் பதினொரு மணி முதல் மூன்று வரை அதுதான் ஏற்பாடு. அதில் ஒரே ஒரு சிக்கல். நான் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். யோசிப்பதற்காகக் கையை எடுத்தால்கூடக் கண் திறந்துவிடும். “என்னுங் தம்பி, நின்னுபோச்சு?” வீடியோ கூட்டத்தில் மேனேஜர், “அங்கே பின்னால் டிராக்டர் ஓடுகிறதா?” என்று கேட்டார். “பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார், சார்” என்றேன். மோட்டார் அந்தச் சமயம் பார்த்து ‘ஹ்ம்ம், வலது பக்கம், வலது பக்கம்’ என்று முனகியது.

வேலை இருந்தவரை வேலையைத் தட்டினேன். வேலை முடிந்ததும் வாய்க்கு வந்ததைத் தட்டினேன். சந்தைப் பட்டியல், பத்தாம் வகுப்பு மனப்பாடப் பகுதி, செல்வாவைத் திட்டி நாலு பக்கம். எங்கள் கம்பெனியில் யார் எவ்வளவு நேரம் தட்டுகிறார்கள் என்று ஒரு மென்பொருள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்தக் காலாண்டில் மிக உழைத்த ஊழியர் என்று எனக்கு விருது கொடுத்தார்கள். திட்டித் தீர்க்க ஆளில்லாமல் போனபோது, நான் பார்த்துப் பழகிய மனிதர்களைப் பற்றித் தட்ட ஆரம்பித்தேன். இந்தப் பத்திரிகையில் நான் எழுத வந்த கதை அதுதான். வாசகர்கள் யாருக்காவது என் மேல் கோபமிருந்தால், குறட்டை விட்டவரைப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஊரடங்கு முடிந்து விடுதி மறுபடி நிரம்பியது. யாரும் கேட்காமலே மாடிப்படியடியில் ஒரு மேசையும் பிளக் பாயின்ட்டும் நிரந்தரமாகின. விஷயம் தெரிந்த செல்வா ஒரு காகிதத்தில் யார் எந்த நேரம் அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பது என்று பட்டியல் போட்டான். அவன் வாழ்க்கையில் போட்ட முதல் பட்டியல் அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் பெயரையே எழுதிக்கொண்டான்.

எனக்குக் கல்யாணமாகி நான் மதுக்கரைப் பக்கம் குடிவந்துவிட்டேன். இன்றைக்கு ஞாயிறு, பங்கரண்ணனும் சரசக்காவும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். வாசலில் குனிந்து நுழைந்தார். என் மகளின் பாதங்களைப் பரிசோதித்துத் திருப்தி தெரிவித்தார். சாப்பாடு முடிந்ததும் கூடத்துச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். சரசக்கா பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அண்ணனின் கண் சொருகுவதும், திறப்பதும், மறுபடி சொருகுவதுமாக இருந்தது. சரசக்கா கை பழக்கத்தில் மடியில் கடலையைத் தேடியது.

நான் போய் மடிக்கணினியை எடுத்து வந்தேன்.

“ஞாயித்துக்கிழமை கூடவா வேலை?” என்றாள் என் மனைவி.

“ஆமா, கொஞ்சம் இருக்குது” என்று உட்கார்ந்தேன்.

அப்போது எழுத ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. எழுதி முடித்து வெகு நேரமாகிவிட்டது. பார்க்கிறேன், சரசக்காவும் தூங்கிவிட்டார். இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.